பொட்டலத்தின் முகத்தில் ஒரு கறுப்பு எண்கோணம்

சென்ற பருவத்தின் முதல் செய்முறை வகுப்பில் மாணவர்களுக்கு வழக்கமான பித்தளை உருளைகளையும் கண்ணாடித் தகடுகளையும் கொடுக்கவில்லை. "ஆளுக்கொரு காலிப் பொட்டலம் கொண்டு வாருங்கள்" என்று முன்னதாகவே சொல்லியிருந்தேன். பிஸ்கட், நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல், பழச்சாறு என்று மேசை நிறைந்துவிட்டது. பொட்டலத்தின் பின்புறத்தில் ஊட்டப்பொருள் அட்டவணை ஒன்று அச்சிட்டிருக்கிறதல்லவா, அதன் எழுத்து எவ்வளவு உயரம் என்பதை நகரும் நுண்ணோக்கியால் அளந்து சொல்ல வேண்டும். இதுதான் சோதனை. பெரும்பாலோரின் விடை 1 மில்லிமீட்டருக்கும் 1.5 மில்லிமீட்டருக்கும் இடையில் நின்றது. "சார், இதைப் படிக்கவே நுண்ணோக்கி வேண்டும் போலிருக்கிறதே!" என்றான் ஒரு மாணவன்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முழு விளையாட்டு அன்று. கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அது கண்ணிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1 மில்லிமீட்டர் உயர எழுத்து அத்தொலைவில் கண்ணில் அமைக்கும் கோணம் ஏழு கலைகளுக்குச் சற்றுக் குறைவு. (ஒரு பாகையில் 60 கலைகள்.) குறையற்ற கண் ஓர் எழுத்தை இனங்காண ஐந்து கலைகளாவது வேண்டும்; கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்தட்டை இந்த அடிப்படையில்தான் அமைந்தது. ஆகவே இளங்கண், நல்ல வெளிச்சம், வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்ற மூன்றும் சேர்ந்தால் படித்துவிடலாம். நடைமுறையிலோ பளபளக்கும் தங்க நிற உறையில் பழுப்பு மையில் அச்சிட்டிருப்பார்கள். கடையின் உட்புறத்தில் ஒரே ஒரு விளக்கு எரியும். வாங்க வந்தவர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவராக இருப்பார்.

படித்துவிட்டார் என்றே கொள்வோம். அங்கே உப்பு என்ற சொல் இராது, சோடியம் என்றிருக்கும். சோடியத்தின் எடையை உப்பின் எடையாக மாற்ற ஏறக்குறைய இரண்டரையால் பெருக்க வேண்டும். சர்க்கரை தேக்கரண்டியில் இராது, கிராமில் இருக்கும். அதிலும் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பார்க்க வேண்டும். பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட்டாக இருக்கலாம். இரண்டு பிஸ்கட்டுடன் நிறுத்தும் குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. அட்டவணையில் பொய் ஏதுமில்லை. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டியவருக்கு அது பயன்படுவதில்லை.

இந்தக் குறையை நீக்கப் பல நாடுகள் கையாண்டுவரும் வழி, பொட்டலத்தின் முன்முகத்திலேயே எச்சரிக்கைக் குறி இடுவது. பின்லாந்து 1993-லேயே உப்பு மிகுந்த உணவுகளுக்கு இப்படி ஒரு விதி செய்தது. ரொட்டியில் உப்பு 1.3 விழுக்காட்டைத் தாண்டினால் அதை உறையில் சொல்லியாக வேண்டும் என்று அப்போது இருந்தது. ஆயினும் இம்முறையை முழு அளவில் செய்து பார்த்த நாடு தென் அமெரிக்காவின் சிலிதான். 2012-இல் சட்டம் நிறைவேறியது. தொழில் நிறுவனங்களின் எதிர்ப்பையும் இழுபறியையும் கடந்து 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. விதி எளிது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகிய நான்கில் எது எல்லையைத் தாண்டினாலும் அதற்கு ஒரு கறுப்பு எண்கோணம். நான்கும் தாண்டினால் நான்கு எண்கோணங்கள். உறையின் முகம் பெரிதானால் எண்கோணமும் பெரிதாக வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. "இன்னது மிகுதி" என்பதே அதன் செய்தி.

எல்லைகளை ஒரேயடியாகப் போடாமல் மூன்று படிகளாக இறக்கினார்கள். திண்பண்டங்களில் 100 கிராமுக்குச் சர்க்கரை 2016-இல் 22.5 கிராம், 2018-இல் 15 கிராம், 2019-இல் 10 கிராம். சோடியம் 800 மில்லிகிராமிலிருந்து 500 ஆகி, பின் 400-இல் நின்றது. 400 மில்லிகிராம் சோடியம் என்பது ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு. கலோரி 350-இலிருந்து 275-க்கு வந்தது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ சேர்க்காமல் இயற்கையாக உள்ள பொருள்களுக்கு இவ்விதி இல்லை. ஆகவே வெறும் நிலக்கடலை அதன் கொழுப்புக்காகத் தண்டனை பெறுவதில்லை. எண்கோணம் பெற்ற பொருளைப் பள்ளியில் விற்கக் கூடாது. குழந்தைகளை நோக்கி விளம்பரம் செய்யக் கூடாது. காலை உணவுத் தானியப் பெட்டிகளில் சிரித்துக்கொண்டிருந்த புலிகளும் முயல்களும் சிலியில் அதோடு விடைபெற்றன.

பயன் என்ன? இங்கேதான் வாசகர்கள் சற்று நிதானிக்க வேண்டும். செய்தித்தாள்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண் 24 விழுக்காடு. சட்டத்தின் முதற்படி வந்த பின் எண்கோணம் பெற வேண்டிய இனிப்புப் பானங்களின் கொள்முதல், சட்டம் வராதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது என்று 2020-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கொள்முதலைத் தொடர்ந்து பதிவு செய்து கண்ட முடிவு அது. அதே ஆய்வாளர்கள் 2021-இல் எல்லாப் பொட்டல உணவுகளையும் பானங்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். எண்கோணப் பொருள்கள் வழியாக வந்த சர்க்கரை சுமார் 27 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் மொத்தச் சர்க்கரையோ 10 விழுக்காடுதான் குறைந்தது. மொத்தக் கலோரியின் குறைவு வெறும் 3.5 விழுக்காடு, அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு 16 கலோரிக்குச் சற்று மேல்.

பதினாறு கலோரி என்பது தட்டிப் போட்ட ஒரு சிறு தேக்கரண்டிச் சர்க்கரை. இதற்கா இத்தனை ஆரவாரம் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சர்க்கரையை மட்டும் தனியே எடுத்தால், குறைவு நாளுக்கு 11.5 கலோரி, ஏறக்குறைய மூன்று கிராம். ஆண்டுக்கு ஆளுக்கு ஒரு கிலோ. ஒரு கோடியே எண்பது இலட்சம் மக்கள் கொண்ட நாட்டில், மருந்து மாத்திரை இல்லாமல், யாரையும் கட்டாயப்படுத்தாமல் ஆளுக்கு ஒரு கிலோ சர்க்கரை குறைவது சிறிதன்று. ஆனால் உடல் பருமனே ஒழிந்துவிட்டது என்று மேடையில் முழங்குவதற்கும் அது போதாது. 27-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எண்கோணம் உள்ள பெட்டியை வைத்துவிட்டு, எண்கோணம் இல்லாத வேறு பெட்டியை எடுத்தவர்கள் பலர். இந்தப் பெட்டியிலும் சர்க்கரை இருக்கத்தான் செய்கிறது, எல்லைக்குள் இருக்கிறது, அவ்வளவே.

இயற்பியல் படித்தவன் என்ற முறையில் இன்னொரு தடையும் எழுப்ப வேண்டும். ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சிலியில் எண்கோணம், விளம்பரத் தடை, பள்ளித் தடை ஆகிய மூன்றும் ஒரே நாளில் வந்தன. இதற்கு முன்பே 2014-இல் இனிப்புப் பானங்களின் வரியும் மாற்றியமைக்கப்பட்டிருந்தது. சட்டம் வராத இன்னொரு சிலி ஒப்பிடுவதற்கு இல்லை. பழைய போக்கை நீட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட முடிந்தது. ஆய்வாளர்களே இதை மறைக்கவில்லை. ஆனால் "எண்கோணம் 24 விழுக்காட்டைக் குறைத்தது" என்று எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். குறைத்தது சட்டம். அதில் எண்கோணத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது.

பிரித்துச் சொல்ல முயன்ற ஆய்வு ஒன்று உண்டு. 2023-இல் எகனாமெட்ரிகா இதழில் வெளிவந்தது. சிலியின் காலை உணவுத் தானியங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சர்க்கரையும் கலோரியும் இருக்கும் என மக்கள் நம்புகிறார்கள் என்பதையும் கேட்டறிந்தார்கள். சாக்கலேட் பூசிய தானியத்தில் எண்கோணம் வந்ததால் பெரிய மாறுதல் ஏற்படவில்லை. அது இனிப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. உடலுக்கு நல்லது என்று மக்கள் எண்ணியிருந்த தானியங்களில் எண்கோணம் விழுந்தபோதுதான் விற்பனை ஆட்டங்கண்டது.

இதைப் படித்தபோது எனக்கு 1948-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டில் கிளாட் ஷானன் செய்திக் கோட்பாட்டை வெளியிட்டார். ஒரு செய்தி எவ்வளவு எதிர்பாராததோ, அவ்வளவு தகவல் அதில் உண்டு என்பது அக்கோட்பாட்டின் சாரம். "நாளை ஞாயிறு கிழக்கே உதிக்கும்" என்று தந்தி வந்தால் அத்தந்தியில் தகவல் சுழி. "நாளை கோடை மழை" என்றால் உண்டு. ஜாங்கிரிப் பெட்டியின் மேல் சர்க்கரை மிகுதி என்று எழுதுவதும், ஊறுகாய் பாட்டிலின் மேல் உப்பு மிகுதி என்று எழுதுவதும் முதல் வகைத் தந்தி. கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டிலும், குழந்தையை உயரமாக்கும் என்று விளம்பரம் செய்யும் மாவிலும் எழுதுவது இரண்டாம் வகை. எச்சரிக்கைக் குறியால் மக்கள் மாறுவார்களா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லாததற்கு இதுவே காரணம். எந்தப் பொருளைப் பற்றிய எந்த நம்பிக்கையை அது உடைக்கிறது என்பதைப் பொறுத்தது விடை.

இதே கோட்பாடு எச்சரிக்கை அளவுக்கு மீறினால் என்னாகும் என்பதையும் காட்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1986-இல் மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். புற்றுநோய் உண்டாக்கவல்ல பொருள் எது இருந்தாலும் முன்னெச்சரிக்கை செய்ய வேண்டும் என்பது அது. நோக்கம் உயர்ந்தது. நாளடைவில் உணவு விடுதி, வண்டி நிறுத்துமிடம், மரச்சாமான் என்று திரும்பிய பக்கமெல்லாம் எச்சரிக்கை அட்டை தொங்கலாயிற்று. வறுத்த காப்பிக் கொட்டையில் அக்ரிலமைடு சிறிதளவு உண்டாவதால் காப்பிக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று 2018-இல் ஒரு நீதிபதி முடிவு செய்தார். 2019-இல் அரசு தனி விதி செய்து காப்பிக்கு விலக்களித்தது. எல்லாவற்றிலும் ஒட்டிய சீட்டு எதையும் பிரித்துக் காட்டாது. வானொலியில் நிலையத்தை மறைக்கும் இரைச்சலைப் போன்றது அது.

சிலியின் திட்டம் இந்தப் பள்ளத்தில் விழாததற்குக் காரணம் அதன் எல்லை அளவுகள். எல்லை என்று வந்தால் அதற்கும் ஓர் இடையூறு உண்டு. 100 கிராமில் 11 கிராம் சர்க்கரை உள்ள பொருளும் 60 கிராம் உள்ள பொருளும் ஒரே எண்கோணத்தைத்தான் அணியும். 9.9 கிராம் உள்ள பொருள் மாசற்றதுபோல் நிற்கும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பியும் அப்படித்தான். எரிந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும், எத்தனை ஆம்பியர் ஓடியது என்று சொல்லாது. உற்பத்தியாளர்கள் இதை நன்கறிவார்கள். மேற்சொன்ன 2023 ஆய்விலேயே, எல்லைக்குச் சற்றுக் கீழே வந்து குவியும்படி தானியங்களின் செய்முறை மாற்றப்பட்டது தெரிகிறது.

இதை ஏமாற்று என்று சிலர் கண்டிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எச்சரிக்கைக் குறியின் உண்மையான வாசகர், கடைக்கு வரும் நாம் மட்டுமல்லர். தொழிற்சாலையில் கலவை விகிதத்தை முடிவு செய்பவரும்தான். முதற்படிக்கு முன்னும் பின்னும் சிலியின் பொட்டல உணவுகளைச் சோதித்தபோது, ஏதேனும் ஓர் எண்கோணமாவது பெறத்தக்கவை 51 விழுக்காட்டிலிருந்து 44 விழுக்காடாகக் குறைந்திருந்தன. பொட்டலத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காதவருக்கும் இதனால் நன்மை. எல்லையைப் படிப்படியாக இறக்கினால், குவிந்தவர்களும் படிப்படியாக இறங்கத்தான் வேண்டும். ஆனால் சர்க்கரையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் செயற்கை இனிப்பூட்டியைப் போட்டார்கள் என்பதும் சிலியில் கண்ட உண்மை. 2020-இல் எண்கோணத்தை ஏற்ற மெக்சிகோ இதிலிருந்து பாடம் கற்றது. இனிப்பூட்டியோ காபீனோ இருந்தால் குழந்தைகளுக்கு உகந்ததன்று என்று தனிக் கட்டத்தில் எழுத வைத்தது.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2022 செப்டம்பரில் ஒரு வரைவு வெளியிட்டது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் நடத்திய கணக்கெடுப்பின் அடிப்படையில், எச்சரிக்கைக் குறிக்குப் பதிலாக அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறையை அது தேர்ந்தெடுத்திருந்தது. முதல் நான்கு ஆண்டுகள் விருப்பமுள்ளவர் மட்டும் இட்டால் போதும் என்றும் அதில் கண்டிருந்தது. 2024 ஜூலையில் மொத்தச் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றைப் பெரிய, தடித்த எழுத்தில் போட வேண்டும் என்ற திருத்தத்துக்கு ஆணையம் இசைந்தது. 2025 ஏப்ரலில் ஒரு பொதுநல வழக்கில், முன்முகக் குறி பற்றிய பரிந்துரையை மூன்று மாதத்தில் இறுதி செய்யுமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் காலக்கெடு நீண்டது.

நட்சத்திர முறையின் கணக்கு இப்படி. கலோரி, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் இவற்றுக்கு ஒரு பக்கம் புள்ளிகள். நார்ப்பொருள், புரதம், பழம், காய், பருப்பு, சிறுதானியம் இவற்றுக்கு மறுபக்கம் புள்ளிகள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வருவது நட்சத்திரம். வேறுபட்ட பரிமாணமுள்ள அளவுகளைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. ஆம்பியரிலிருந்து கிலோகிராமைக் கழிக்கும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. ஒருவருக்கு இரத்த அழுத்தம் 180. கண்பார்வை அருமை, பற்கள் உறுதி, கேள்விப்புலன் கூர்மை. எல்லாவற்றையும் சேர்த்து இவர் உடல்நலம் மூன்றரை நட்சத்திரம் என்று மருத்துவர் சீட்டு எழுதினால் ஏற்போமா? சிறிது நார்ப்பொருளைக் கலந்தால் சோடியம் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடாது. மேலும், நட்சத்திரம் என்பது பாராட்டுக் குறி. விடுதிக்கும் திரைப்படத்துக்கும் அதைத்தானே போடுகிறோம்? மிக மோசமான பொருளும் அரை நட்சத்திரப் பாராட்டுடன் வெளிவரும்.

நட்சத்திரத்துக்கு ஒரு நற்பண்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பொருளும் எண்கோணம் பெற்றவையாக இருக்கும்போது எது மேல் என்று எண்கோணம் சொல்லாது. நட்சத்திரம் ஒருவாறு சொல்லும். ஆனால் உப்பைத் தவிர்க்க வேண்டிய இரத்த அழுத்த நோயாளிக்கும், சர்க்கரையைத் தவிர்க்க வேண்டிய நீரிழிவு நோயாளிக்கும் அந்தச் சராசரி எதற்கு உதவும்?

நம் மக்களுக்கு எளிய குறிகள் புரியாது என்ற வாதத்தை நான் சிறிதும் ஏற்பதற்கில்லை. சைவ உணவின் பச்சைப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தறியாத பாட்டியும் பொட்டலத்தைத் திருப்பி அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறார். அதுவும் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை கொண்ட குறிதான். இந்த பிஸ்கட் மூன்றரை நட்சத்திரச் சைவம் என்று யாரும் போடச் சொல்லவில்லை.

எண்கோணத்தின் ஆதரவாளர்களும் பேசாத ஒன்று மொழி. 2020-ஆம் ஆண்டின் விதிகளின்படி உணவு உறையில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருந்தால் போதும். பிற மொழிகள் கூடுதலாக இடம்பெறலாம், அவ்வளவே. சிலியின் எண்கோணத்தில் இருப்பது அந்நாட்டு மக்கள் வீட்டில் பேசும் ஸ்பானிய மொழி. இங்கே கறுப்பு வடிவம் மட்டும் கண்ணில் படும். உள்ளே எழுதியிருப்பது உப்பா சர்க்கரையா என்பது ஆங்கிலமோ இந்தியோ அறியாத வாசகருக்குத் தெரியாது. அவர்களுள் நீரிழிவு உள்ளவருக்கும் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் ஒரே கறுப்பு. உப்புக்கு ஒரு படம், சர்க்கரைக்கு ஒரு படம் என்று அமைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரிதும் தீரும்.

இன்னொன்று, பொட்டலமே இல்லாத உணவு. தேநீர்க் கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு எந்த முகத்தில் குறி இடுவது? செய்முறை வகுப்பு முடிந்து நானும் மாணவர்களும் தேநீர் குடிக்கப் போன இடத்தில் அதைத்தான் வாங்கினோம். எடையும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது. ஒரு மாணவன் மட்டும் இரண்டைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வேதியியல் துறை நண்பரிடம் கொடுத்துச் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கச் சொல்லப் போகிறானாம்.